ஏழையின் கைக்குறி

அரசர்தம் பிறப்பும் இறப்பும் வரலாற்று நூல்களில் இடம்பெறும். பிறர் நிலத்தில் கூலிக்கு உழுது மாண்டவனின் பெயரை எங்கே தேடுவது? இங்கிலாந்து நாட்டில் அதற்கு விடை கூறுவது ஊர்த் தேவாலயம். ஒரு தேவாலயத்திற்கு உரிய ஊர்ப்பகுதியைப் பங்கு என்பர். பங்குதோறும் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைக்குமாறு 1538ஆம் ஆண்டில் தாமஸ் கிராம்வெல் கட்டளையிட்டார். அவ்வாறு எழுதப்பட்ட பழைய பதிவேடுகள் பல இன்றும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன.

தம் குலத்தின் வேரை நாடுபவர், அண்மைக் காலத்திலிருந்து பழங்காலத்திற்குப் படிப்படியாகச் செல்லுதல் வேண்டும். 1851ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் ஒருவர் பிறந்த ஊர் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வூரின் ஏட்டை நோக்கினால், அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைக்கக்கூடும். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலும் எழுதப்பட்டது. 'கூலியாள்' என்னும் ஒரு சொல்லே அங்குப் பலருக்கும் உரிய வரலாறு.

ஆயினும், பெயரைக் கண்ட அளவிலே மகிழ்ந்துவிடலாகாது. ஜான், வில்லியம், மேரி முதலிய சில பெயர்களே பெரிதும் வழங்கின. ஒரு குழந்தை இறந்தால், அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அப்பெயரையே இடும் வழக்கமும் இருந்தது. ஆதலின் அடக்க ஏட்டையும் ஆராய்தல் வேண்டும். பாட்டன் எனக் கருதிய குழந்தை, பிறந்த சில திங்களிலேயே மண்ணுள் மறைந்திருத்தலும் கூடும்.

வறுமையும் ஏழைக்கு ஒருவகையில் சான்றாயிற்று. ஒருவன் எப்பங்கிற்கு உரியவனோ, அப்பங்கே வறுமையில் அவனைத் தாங்குதல் வேண்டும். அவ்வாறு உரியதல்லாத ஊரிலிருந்து ஏழையை அகற்ற 1662ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. ஆகவே, அவனை நடுவர் முன் நிறுத்தி, எங்கே பிறந்தான், எவரிடம் ஊழியம் செய்தான் என்று வினவி எழுதினர். பின்னர், மனைவி மக்களோடு அவனுக்குரிய ஊருக்கு அனுப்பினர். அவனை விரட்டுவதற்கு எழுதிய தாளே இன்று அவனுடைய வாழ்க்கை வரலாறாக விளங்குகின்றது.

இவை யாவும் பிறர் எழுதியவை. அவன் தன் கையால் இட்டது ஒன்றும் இல்லையோ? உண்டு. 1754இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி, மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் கையொப்பம் இடலாயினர். எழுத்தறியாதவன் இரு கோடுகளைக் குறுக்காகக் கீறினான். அதனருகே அவன் பெயரைப் பிறர் எழுதினர். கலப்பை பிடித்துக் காய்த்த விரல்கள், பழகாத இறகுப் பேனாவைப் பற்றி இட்ட குறி அது. பல தலைமுறை கழித்துவரும் பெயரன், அக்குறியின் மீது தன் விரலை வைத்துப் பார்க்கின்றான். கல்லறைக்கு ஒரு கல் நடவும் பொருளற்றிருந்த முன்னோன், தன் வழித்தோன்றலுக்கு விட்டுச்சென்ற உடைமை அஃதொன்றே.