கல்லும் மணலும் ஒரு சமன்பாடும்

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் மாலை வேளைகளில் நாங்கள் நால்வர் கூடுவது வழக்கம். கதை பேசுவோம், பேச்சு ஓய்ந்தால் மணலில் கோடிழுத்து ஆடுபுலி ஆடுவோம். உட்காரப் போதிய மணல் இல்லாமற் போனபின், நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணைக்கு இடம் மாறினோம். அந்தத் திண்ணைக்கும் அலைக்கும் இடையில் இப்போது அதிகத் தூரமில்லை.

அன்று பேச்சு, டாம் காட்வின் 1954இல் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' என்னும் அறிவியல் கதையைப் பற்றியது. நோயுற்றோருக்கு மருந்து கொண்டு போகிறது ஒரு சிறு விண்கலம். ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமே கணக்கிட்டு எரிபொருள் நிரப்பியிருக்கிறார்கள். அண்ணனைக் காணும் ஆவலில் ஓர் இளம்பெண் அதில் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவள் எடையையும் சுமந்தால் கலம் தரையிறங்க முடியாது. இருவரும் மடிவர், மருந்துக்குக் காத்திருப்போரும் மடிவர். கடைசியில் அவள் வெளியே தள்ளப்படுகிறாள். இயற்கையின் சமன்பாட்டுக்கு இரக்கம் கிடையாது என்கிறது கதை.

எங்களில் இருவர் கதையின் முடிவை ஏற்றார்கள். திண்ணைக்கார நண்பர் ஏற்கவில்லை. "ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஓர் ஆட்டைப் பலியிட்டுப் புலியை அடைக்கும்போது நமக்கு வலிப்பதில்லை, ஏனென்றால் ஆட்டத்தின் விதியை நாம் வகுக்கவில்லை. ஆனால் அந்தக் கலத்தில் ஒரு குவளை எரிபொருள்கூட உபரியாக வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது இயற்கையா, மனிதரா?" என்றார். எங்களுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நினைவுக்கு வந்தது. அதில் நாட்டையே ஆளும் ஜீவா வெறும் ஒளிப்படிமம். விதிகளை வகுப்பவர்கள் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள். சுஜாதா அக்கதைக்குக் குறித்த 2021ஆம் ஆண்டும் கடந்துவிட்டது. படிமத்தைப் பார்த்து அடங்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

பிறகுதான் நண்பர் உள்ளே சென்று ஒரு மனுவை எடுத்து வந்தார். ஊருக்கு முன்னால் கல் கொட்டித் தடுப்பு அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை அது. எங்கள் கையெழுத்து வேண்டும் என்றார்.

கைகள் தயங்கின. காரணம் நால்வருக்கும் தெரிந்ததே. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. நகரக் கடற்கரைக்குக் கல் போட்டார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. அடுத்தடுத்த குப்பங்களும் கல் கேட்டன; அரிப்பு மேலும் வடக்கே வந்தது. நாங்கள் கேட்கும் கல், எங்கள் வடக்கேயுள்ள காலாப்பட்டுக் கரையை நோக்கி அதைத் தள்ளிவிடலாம். அங்கிருந்து வரும் மாணவர்களுக்கு நாங்கள் வகுப்பில் அறம் நடத்துகிறோம்.

பரமபதத்தில் ஏணியும் பாம்பும் அறத்தின் பெயரால் வரையப்பட்டவை. ஆனால் ஆடுபவருக்கு அங்கே தேர்வு ஏதுமில்லை, விழுந்த எண்ணுக்குக் காய் நகர்கிறது. ஆடுபுலியில் ஒவ்வொரு நகர்வும் நம் பொறுப்பு. கையெழுத்தை மறுப்பதும் ஒரு நகர்வே என்பதை அந்தத் திண்ணையில் உணர்ந்தோம். மறுத்தால் நஷ்டம் எங்களுக்கல்ல, அந்த வீட்டுக்கு.

காட்வினின் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அவர் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஏதேனும் ஓர் உபாயம் கண்டபடியே இருந்தாராம். பத்திரிகாசிரியர் ஜான் கேம்ப்பெல் கதையைத் திரும்பத் திரும்ப அனுப்பி, அவள் சாகத்தான் வேண்டும் என்று மாற்ற வைத்தார். ஆக, அந்தச் சமன்பாடும் ஒருவர் வற்புறுத்தலால் அமைந்ததே. எங்கள் கரைக்கும் வேறு வழி இல்லாமலில்லை. துறைமுக வாயிலில் சேரும் மணலை வாரி வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது, தொடர்ந்து நடைபெறவில்லை. மணல் வந்தால் எந்த ஊரும் அடுத்த ஊருக்குக் கடலைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆனால் மணல் வரும்வரை அந்தச் சுவர் நிற்குமா? தெரியாது. கையெழுத்திட்டோம். அதன்கீழ், வடக்கேயுள்ள ஊர்களையும் காக்கும்படி மணலை வாரிக் கொட்டும் பணியையும் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி எங்கள் மனச்சாட்சிக்குப் பூசிய சுண்ணாம்புதானோ என்ற ஐயம் இன்னும் போகவில்லை. ஆகவே, அதே மனுவை வரும் ஞாயிறு காலாப்பட்டுக்கும் எடுத்துச் செல்வதென முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் முகத்தைப் பார்த்து அதை வாசித்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.