வெலதோர்

கோஸ்டா ரிகாவின் டோர்டுகேரோ கடற்கரைக்குச் சாலை கிடையாது. கால்வாய் வழியே படகு, இல்லையேல் சிறு விமானம். பதினாறு வயதில், 2004 ஜூலையில், கடலாமைகளுக்குத் தொண்டு செய்யவும் ஸ்பானிஷ் பழகவும் நாங்கள் பன்னிரண்டு பேர் அங்கே போய் இறங்கினோம். பகலில் துடுப்புப் படகு, குரங்கு, முதலை. விளம்பரத்தில் சொன்னதெல்லாம் இருந்தது. அதைப்பற்றி எழுத அதிகமில்லை.

இரவு வேறு. பச்சை ஆமை குழி தோண்டி முடிக்கும்வரை விளக்கு கூடாது. முட்டையிடத் தொடங்கியபின் சிவப்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவோம். ஒரு குழிக்கு நூறையும் தாண்டும். வகுப்பில் வராத ஸ்பானிஷ் எண்கள் அங்கேதான், கிசுகிசுப்பாக, நாவில் படிந்தன.

எங்களைத் தங்கவைத்த வீட்டுப் பாட்டி எங்களிடம் 'உஸ்தெத்' என்றே பேசினார். 'நீங்கள்' என்று பொருள். அந்நாட்டில் பலர் குழந்தைகளிடமும் அப்படித்தான், கொங்கு நாட்டில் சிறுவரை 'வாங்க' என்பதைப்போல. ஒருநாள் நாங்கள் கிளம்புகையில், "வெலதோர்கள் புறப்பட்டாயிற்று" என்று சிரித்தார். இரவில் விழித்திருப்பவர் என்றது அகராதி. பாட்டி சொன்ன பொருள் வேறு: 1975இல் தேசியப் பூங்கா அமைவதற்கு முந்தைய காலத்தில், கரையேறும் ஆமைகளைப் புரட்டிப்போட்டு விற்கக் காத்திருந்தவர்களின் பெயர் அது. அவருடைய தந்தையும் ஒருவர். நாங்கள் உண்டு உறங்கிய வீடு அந்த வருமானத்தில் எழுந்தது. காசு கட்டித் தொண்டு செய்ய வந்த எங்களுக்கு அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதமாகும். எங்களுக்கு இருந்தது மூன்று வாரம். நாங்கள் எண்ணிய முட்டைகளில் எத்தனை பொரித்தன என்பதைக் குறிப்பேட்டில் எழுதி முடித்தவன் பாட்டியின் பேரன்.