மொட்டை எண்ணுகிறவர்கள்

கான்பெராவின் பிளாக் மவுண்டன் சரிவில் வெள்ளைப் பட்டை யூகலிப்டஸ் ஒன்று உண்டு. பேனா எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்தது போல அதன் மேல் வளைவு வளைவாகக் கோடுகள். அந்துப்பூச்சிப் புழு ஒன்று பட்டைக்குள் தின்றுகொண்டே போன தடம் அது. மேல்பட்டை உரிந்ததும் வெளியே தெரிகிறது. ஊர்க்காரர்களுக்கு இது ஸ்கிரிப்ளி கம், தாவரவியலாளர்களுக்கு யூகலிப்டஸ் ரோஸ்ஸி.

மலையடிவாரத்தில் இருக்கும் தேசிய ஹெர்பேரியத்தின், அதாவது உலர்தாவரக் காப்பகத்தின், சேகரிப்பாளர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். கோடுகளை அவர் பார்க்கவே இல்லை. நீளக் கம்பில் பொருத்திய கத்தரியால் கிளை ஒன்றை இறக்கி, ஒரு காம்பில் எத்தனை மொட்டு என்று எண்ணினார். ரோஸ்ஸிக்குப் பெரும்பாலும் ஏழுக்கு மேல் இருக்கும். பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு யூகலிப்டஸான மேனிஃபெராவும் வெள்ளைப் பட்டைதான், ஆனால் அதற்கு ஏழு.

மொட்டோடு வேலை முடிவதில்லை. காய் வேண்டும், முதிர்ந்த இலை வேண்டும், கன்றின் இலையும் வேண்டும். ஒரே மரம் சிறுவயதில் ஓர் இலையும் வளர்ந்த பின் வேறோர் இலையும் விடும். எல்லாவற்றையும் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து இறுக்கிக் காயவைக்கிறார்கள், பூச்சி சாக உறைபெட்டியில் போடுகிறார்கள், பிறகு அட்டையில் தைத்தோ ஒட்டியோ வைக்கிறார்கள். பட்டை எப்படி இருந்தது, எங்கே நின்றது என்பதைக் குறிப்புச் சீட்டில் எழுதியாக வேண்டும், ஏனென்றால் பட்டை அட்டைக்கு வராது.

யூகலிப்டஸை எதை வைத்துப் பிரிப்பது என்ற பழைய தகராறு அங்கேதான் தொடங்கியது. காட்டில் அலைந்த தாவரவியலாளர் ஃபெர்டினண்ட் வான் முல்லர் பட்டையை வைத்து இனம் பிரித்தார். ஆஸ்திரேலிய மண்ணை மிதிக்காத ஜார்ஜ் பெந்தாமுக்கு இங்கிலாந்தில் கிடைத்தது காய்ந்த கிளைகள்தான். 1867இல் அவர் மகரந்தப்பையை வைத்துப் பிரித்தார். என்னைக் கேட்டால் இருவருமே கையில் இருந்ததைக் கொண்டு நியாயமாகத்தான் செய்தார்கள்.

தகராறு இன்னும் ஓயவில்லை. எலுமிச்சை வாசமுள்ள சிட்ரியோடோரா உட்பட நூற்றுச் சொச்சம் இனங்களை 1995இல் கென் ஹில்லும் லாரி ஜான்சனும் கொரிம்பியா என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். 2000இல் இயன் புரூக்கர் அவற்றைத் திரும்ப யூகலிப்டஸுக்குள் சேர்த்தார். இன்று பெரும்பாலோர் கொரிம்பியா என்றே எழுதுகிறார்கள். ஹெர்பேரிய அட்டையில் பழைய பெயரை யாரும் கிழிப்பதில்லை. புதுப் பெயரை வேறு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். பெயர் வைப்பவரைவிடக் கிளையை ஒழுங்காகக் காயவைத்தவரே பெரியவர் என்று எனக்குத் தோன்றியது. குக்கின் மூன்றாம் பயணத்தில் டேவிட் நெல்சன் 1777இல் டாஸ்மேனியாவின் புரூனி தீவில் பறித்த கிளையைப் பார்த்துத்தான், அந்த மரத்தையே காணாத பிரெஞ்சுக்காரர் லெரிட்டியே 1788இல் யூகலிப்டஸ் என்று பெயரிட்டார். கிளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நம் நீலகிரித் தைலத்துக்கு இலை தரும் குளோபுலஸும் டாஸ்மேனியாவிலும் அதன் எதிர்க்கரையிலும் பிறந்ததுதான். அதன் நெருங்கிய உறவினர்களில் மொட்டு மூன்றாகவோ ஏழாகவோ வரும். அவற்றைத் தனி இனம் என்பாரும் உண்டு, துணையினம் என்பாரும் உண்டு. ஊட்டிக்குப் போனால் கீழே விழுந்த கிளை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மொட்டு பெரிதாக, சொரசொரப்பாக, காம்பில்லாமல் ஒற்றையாக உட்கார்ந்திருந்தால் அது குளோபுலஸ்.