கிரிஸ்டாவா, ஹைகிராஸா?

ரிடையர் ஆகி வந்த பணத்தில் வண்டி வாங்குபவருக்கு அது பெரும்பாலும் கடைசி வண்டி. 15 வருடமாவது ஓட வேண்டும். வீட்டில் 7 பேர் என்றால் பேச்சு நேராக இன்னோவாவில் போய் நிற்கும். அங்கேதான் குழப்பம். 2016ல் வந்த கிரிஸ்டாவா, 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸா?

கிரிஸ்டா டீசல் வண்டி. லாரி மாதிரி தனி சேஸிஸ், பின்சக்கர இழுவை. ஹைகிராஸ் ஹைபிரிட்டில் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உண்டு. தனி சேஸிஸ் கிடையாது, முன்சக்கர இழுவை.

"மைலேஜ் ஜாஸ்தி, ஹைபிரிட்தான் லாபம்" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டம். லிட்டருக்கு கிரிஸ்டா 12, ஹைபிரிட் 16 கி.மீ. கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். டீசல் 1,000 லிட்டர், பெட்ரோல் 750 லிட்டர். டீசல் 92, பெட்ரோல் 101 ரூபாய் என்றால் மிச்சம் சுமார் 16,000 ரூபாய். விலை வித்தியாசம் 5 லட்சம் என்றால் அதை எடுக்க 30 வருடம் ஆகும்!

வருடம் 40,000 கி.மீ. ஓடினால் 10 வருடத்துக்குள் எடுத்துவிடலாம். ஆனால் ஹைபிரிட் பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலோ அது. அந்த ஓட்டத்தில் நாலே வருடத்தில் வாரண்டி முடிந்துவிடும்.

அப்படியானால் ஹைகிராஸ் வேண்டாமா? அப்படியில்லை. சேஸிஸ் இல்லாததால் தளம் தாழ்வு, பாட்டி ஏறி இறங்க சுலபம். டிராஃபிக்கில் கிளட்ச் மிதிக்க வேண்டாம். முழங்கால் வலிக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. அதற்காக வாங்கலாம், தப்பில்லை. மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லி மட்டும் வாங்க வேண்டாம்.