கண்டவன் கத்த வேண்டும்

சித்திரை விடுமுறையில் ஒருநாள் அறுகம்பேக்குச் சென்று வருவது சில ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. கடற்காற்று வாங்குவதற்காக மட்டும் அன்று. அங்கே எனக்கு ஒரு கடன் உண்டு. அடைத்துத் தீர்க்கக்கூடிய கடன் அன்று அது. ஆண்டுக்கொருமுறை நேரிற் சென்று நினைவுகூரத்தான் என்னால் இயலும். கடன் தந்தவர் பொத்துவிலைச் சேர்ந்த முதிய மீனவர். கரைவலைத் தோணியில் ஆட்களையும் வலையையும் நடத்தும் மண்டாடியாக நெடுங்காலம் இருந்தவர். ஊரார் அழைப்பது போலவே நானும் அவரைக் ‘காக்கா’ என்றே அழைப்பேன்.

இம்முறை நான் சென்றபோது காக்காவின் முகத்தில் ஒரு புதுப்பொலிவு தெரிந்தது. அடுத்த மாதம் மனைவியுடன் ஹஜ் யாத்திரை புறப்படுகிறாராம். வாழ்நாளெல்லாம் கடலில் கழித்தவருக்கு ஆகாயப் பயணம் இதுவே முதன்முறை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுத் தயங்கியபடி கேட்டார்:

“மாஸ்டர், நீங்க பௌதிகம் படிப்பிக்கிறவர். ஒன்று கேட்கணும். பிளேன்ல மண்டாடி பிழை விட்டா, பக்கத்தில இரிக்கிறவன் சொல்லுவானா?”

சிறுபிள்ளைத்தனமான வினாவென்று நான் சிரிக்கவில்லை. அதன் பின்னே ஒரு பழைய துயரம் இருந்தது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்த விமானம் ஒன்று, மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமான நிலையத்திலிருந்து தாங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்ததே காரணம் எனப்பட்டது. அப்போது காக்கா பள்ளி செல்லும் சிறுவர். அச்செய்தி கேட்டு ஊர்ப் பெரியவர்கள் கண்ணீர் விட்டதை அவர் இன்னமும் மறக்கவில்லை.

நான்கு ஆண்டுகளில் மீண்டும் ஓர் இடி விழுந்தது. 1978 நவம்பர் 15ஆம் நாள் இரவு, ஹஜ் கடமையை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிய யாத்திரிகர்களின் விமானம், கட்டுநாயக்காவில் இறங்க வருகையில் ஓடுபாதையை எட்டாமலே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. அது ஐஸ்லாந்து நாட்டு விமானம். அதிலிருந்த 262 பேரில் 183 பேர் இறந்தனர். தரையிலிருந்து வழிகாட்டிய முறையிலும் சாதனங்களிலுமே குறை என்று ஐஸ்லாந்துத் தரப்பினர் வாதிட்டதுண்டு. ஆயினும் இலங்கை விசாரணையாளர் கண்ட காரணங்களுள் ஒன்று என் நெஞ்சில் தைத்தது. விமானம் தாழ இறங்கும்போது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு விரைவாக இறங்குகிறோம் என்பதைத் துணை விமானி வாய்விட்டுக் கூறவேண்டும் என்பது விதி. அவ்வாறு கூறப்படவில்லை என்பதே அக்காரணம்.

நான் காக்காவிடம், “சில வேளைகளில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். சில வேளைகளில் சொல்கிறார்கள், ஆனால், சொல்ல வேண்டிய விதமாகச் சொல்வதில்லை” என்றேன்.

இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கட்டுநாயக்கா விபத்து நடந்து ஆறு வாரங்கள் கழித்து, 1978 டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு ஒரு விமானம் வந்தது. அதன் இறங்குசக்கரம் சரியாகப் பொருந்தியதா என்ற ஐயம் எழவே, தலைமை விமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டபடி அவசர இறக்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அவருடைய சிந்தனை முழுவதும் சக்கரத்திலேயே இருந்தது. எரிபொருள் குறைந்து வருவதை மற்ற இருவரும் கண்டனர், சொல்லவும் செய்தனர். ஆனால், பெரியவரின் மனம் கோணாதபடி, செய்தி கூறுவது போலச் சொன்னார்களே அன்றி, ‘இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்’ என்று அடித்துச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் நகரின் புறத்தே வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். சக்கரமோ உண்மையில் சரியாகவே இறங்கியிருந்தது!

இதனை நான் சொல்லி முடித்தபோது காக்கா ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் நினைத்தது ஒன்றையே.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மாரி மழை ஓய்ந்த ஒரு தை மாதத்தில், என் மாணவர்களை இக்கடற்கரைக்கு அழைத்து வந்திருந்தேன். அறுகம் களப்பு நிறைந்து, முகத்துவாரம் திறந்து, களப்பு நீர் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்கு அது தெரியாது. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றவே, நீந்தத் தெரிந்தவர்கள் இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். இப்பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவன் என் அருகில் வந்து, தலையைச் சொறிந்தபடி, “சேர், முகத்துவாரம் திறந்திரிக்குப் போல... அந்தப் பக்கம் கொஞ்சம் இழுப்பு இரிக்குமோ தெரியாது” என்றான். “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு நான் பெயர்ப் பட்டியலைத் திருப்பினேன். அவனும் பேசாமல் விலகி நின்றான்.

சில நிமிடங்களில் ஒரு பையன் நீரோட்டத்தில் அகப்பட்டு அப்பால் போய்க்கொண்டிருந்தான். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த காக்காவும் அவருடைய ஆட்களும் கயிற்றுடன் பாய்ந்திராவிடில், அன்று மாலை அப்பிள்ளையின் தாய் முன்னே நான் எந்த முகத்துடன் நின்றிருப்பேன்?

பின்னர் அம்மாணவனை அழைத்து, “உனக்குத் தெரிந்திருந்தும் ஏன் உரத்துச் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சேருக்குத் தெரியாமலா இரிக்கும் எண்டு நினைச்சன்” என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது. ‘தெரியாது’ என்று முடித்தது மரியாதையின் பொருட்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசிரியர்கள் அவனுக்குக் கற்பித்த மரியாதை அது. அவர்களுள் நானும் ஒருவன்.

போர்ட்லண்ட் விபத்தைப் பற்றி நான் படித்தது அதன் பின்னரே. எரிபொருளைக் கண்டு அடங்கிய குரலில் பேசிய அந்தப் பொறியியலாளரிடத்தில் என் மாணவனைக் கண்டேன். சக்கரத்தை விட்டு மனத்தை எடுக்காத தலைமை விமானியிடத்தில் என்னையே கண்டேன்.

அவ்விபத்துகள் வீணாகவில்லை. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானத்துறையினரைக் கூட்டி இக்குறையை ஆராய்ந்தது. 1981இல் அந்நாட்டின் யுனைட்டெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. இளையவர் கண்ட ஆபத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடை கிடைக்கும் வரை விடக்கூடாது. மூத்தவரோ கேட்டுப் பெறவேண்டும். பாடத்தின் சாரம் இவ்வளவே.

அதன் பயனை உலகம் 1989 ஜூலை 19ஆம் நாள் கண்டது. வால்புற இயந்திரம் வெடித்து, திருப்பும் சாதனங்கள் யாவும் செயலிழந்த ஒரு விமானத்தைத் தலைமை விமானி அல்பிரட் ஹெய்ன்ஸ் சூ நகரை நோக்கிச் செலுத்தினார். பயணியாக வந்த பயிற்சி விமானி ஒருவரையும் உள்ளே அழைத்து, நால்வரும் பேசிப் பேசியே அதனைத் தரைக்குக் கொண்டுவந்தனர். 112 பேர் இறந்தபோதிலும், பிழைக்க வழியே இல்லையென்று கருதத்தக்க விபத்தில் 184 பேர் உயிர் தப்பினர். தமக்குத் தெரியாததைப் பிறர் அறிந்திருக்கலாம் என்று எண்ணக் கற்றதே தம்மைக் காத்தது என்ற பொருளில் ஹெய்ன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் பேசினார்.

ஆனால், பயிற்சி இருந்தாலும் பழக்கம் எளிதில் மாறுவதில்லை. 2010 மே 22ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். இறங்காமல் மீண்டும் மேலெழும்பும்படி துணை விமானி மும்முறை சொல்லியிருந்தார். தலைவர் கேட்கவில்லை, துணைவரும் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மூர்ப் பிள்ளைகளைப் போலப் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் பலர் அதில் இருந்தனர்.

யாவற்றையும் கேட்டிருந்த காக்கா, “எங்கட தோணியில அணியத்தில நிக்கிற பொடியன்தான் கல்லை முதல்ல காணுவான். கடல்ல கண்டவன் கத்தணும், மாஸ்டர். மரியாதையெல்லாம் கரைக்கு வந்த பிறகு” என்றார். “கத்தினதுக்காக நான் ஒருத்தனையும் ஏசினதில்ல. கல் இல்லாட்டியும் ஏசமாட்டன். ஏசினா, அடுத்த தரம் கத்தமாட்டான்.”

நாசாவின் அறிஞர்கள் ஆராய்ந்து கண்டதை இவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனால், அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. வகுப்பில் என் கணக்கில் பிழை கண்டு எழுந்த மாணவர்களை நான் எத்தனை முறை பார்வையாலேயே உட்கார வைத்திருக்கிறேன்!

இப்போது ஒவ்வொரு தவணையின் முதல் நாளும், கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு பிழையுடன் கணக்கு எழுதுகிறேன். முதலில் எவரும் வாய் திறப்பதில்லை. நான் காத்திருக்கிறேன். கடைசியில் ஒரு கை மெல்ல உயர்கிறது. “அது... பிழை போல...” என்று இழுக்கும் குரலை நிறுத்தி, “‘போல’ வேண்டாம்; பிழை என்று சொல்” என்கிறேன். பிழை என்று அந்தப் பிள்ளை சொன்னதும் நன்றி கூறுகிறேன். பிள்ளைகள் வியப்புடன் பார்க்கிறார்கள். வீட்டிலே பெற்றோரும் இவ்வாறு செய்து பார்க்கலாம்; நட்டம் ஒன்றும் வராது.

விடைபெறும்போது காக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு, நலமே சென்று வருமாறு வாழ்த்தினேன். “இன்ஷா அல்லாஹ்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “பிளேன்ல ஏதும் கண்டா நானும் கத்திப்போடுவன், மாஸ்டர்” என்றார்.

முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. அதன்மேல் சிறுவர்கள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.