ரவீந்திர சரோவரின் அந்திப் பூச்சிகள்

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது ரவீந்திர சரோவர். இஃது இயற்கை ஏரியன்று. 1920-களில் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கப்பட்டது. டாக்குரியா ஏரி என்று வழங்கி வந்த இதற்கு 1958-ல் மகாகவி தாகூரின் பெயர் சூட்டப்பெற்றது. நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். தெற்கே பஜ்பஜ் கிளைப்பாதை செல்கிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அவ்வண்டிகளின் ஓசையே கடிகாரம்.

கறிவேப்பிலைக்கும் காப்பிப் பொடிக்கும் பெயர்போன இவ்வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர், ஏரியின் படகுகளையும் குளிர்காலப் பறவைகளையும் நன்கறிவர். அந்தியில் கரைமரங்களுக்கு மேல் புகைத்தூண்போல் எழுந்தாடும் பூச்சிக் கூட்டத்தை மட்டும் எவரும் விரும்புவதில்லை. வங்காளிகள் "மோஷா" என்கின்றனர். நாம் கொசு என்கிறோம். இரண்டும் பிழை.

ஒரு மழைக்காலத்தில் நமது குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. அவன் பிழைத்தெழுந்தான்; ஆயினும் அச்சம் தெளியவில்லை. மாடி வீட்டு மாமி தம் பேரக்குழந்தைகளை ஏரிக்கரைக்கு அனுப்புவதை நிறுத்தினார். சிலர் ஏரி ஓரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்றுகூட ஆலோசித்தனர். "விளக்கைச் சுற்றி இத்தனை கொசு! நீங்கதான் பூச்சி பூதமெல்லாம் படம் பிடிக்கிறேளே, இது எதுன்னு பார்த்துச் சொல்லுங்கோ" என்று மாமி தம் கைப்பேசியில் எடுத்த பதினொரு படங்களை நமக்கு அனுப்பிவைத்தார்.

படத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? முதலில் வாயைக் காண்க. கொசுவுக்குத் தலையின் முன்னே நீண்ட ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், இப்பூச்சிக்கு அஃதில்லை. உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருப்பதைக் கண்டு மட்டும் முடிவு செய்தல் தகாது. ஆண் கொசுவுக்கும் இறகுக் கொம்பு உண்டு; ஆனால் அதற்கு ஊசியும் உண்டு. அடுத்து, சுவரில் அமர்ந்திருக்கும் நிலை. கொசு பெரும்பாலும் பின்னங்கால்களை உயர்த்தும். இப்பூச்சியோ நீண்ட முன்னங்கால்களைத் தூக்கி, அபிநயம் பிடிப்பதுபோல் அசைக்கும். கைகளை அசைத்து நடிப்பவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றே கைரோனோமஸ் என்று இதற்குப் பெயரிட்டனர். மூன்றாவது, இறக்கை. கொசுவின் இறக்கை நரம்புகளில் செதில்கள் உண்டு. இதன் இறக்கையில் அவை இல்லை. பல இனங்களில் வயிறு இறக்கையைக் கடந்து நீண்டிருக்கும்.

கடிக்கும் நுண்பூச்சி வகையொன்றும் இதற்கு உறவுண்டு. அதன் இறக்கைகள் முதுகின் மேல் கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். நடு நரம்பு இரண்டாகப் பிரியும். நமது பூச்சியில் அந்நரம்பு பிரிவதில்லை. ஆகவே பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம், அருகே ஓர் அளவுகோல், இம்மூன்றும் வேண்டும். மாமியின் படங்களில் அளவுகோலுக்குப் பதில் அவரது சுண்டுவிரல் இருந்தது, அதுவும் உதவிற்று.

பத்துப் படங்கள் கடிக்காத பூச்சிகளே. இவற்றின் புழுக்கள் ஏரிச் சேற்றில் வாழ்கின்றன; சில இனங்களின் புழுக்கள் நம் குருதியில் உள்ளது போன்ற ஹீமோகுளோபினைக் கொண்டு சிவந்திருக்கும். மீன்தொட்டி வைத்திருப்போர் இரத்தப்புழு என்று விலைகொடுத்து வாங்குவது அதனையே. மீன்களுக்கு அது விருந்து. வளர்ந்த பூச்சி சில நாட்களே உயிர்வாழும். கூட்டமாய் ஆடுவன பெரும்பாலும் துணை தேடும் ஆண்கள். மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால் அழிந்திருப்பது யார் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

பதினோராவது படம் வேறு. அது விளக்கடியில் எடுத்ததன்று; காலை பத்து மணிக்குக் குளியலறைச் சுவரில் எடுத்தது. கால்களில் வெள்ளை வளையங்கள், தெளிவான ஊசி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதுவே. அஃது ஏரியைத் தேடுவதில்லை. வீட்டினுள் தேங்கிய சிறிதளவு நீரே அதற்குப் போதும். அன்று மாலையே மாமியுடன் தேடினோம். தாழ்வாரத்தில் மணிபிளாண்ட் வைத்த மூன்று கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் புழுக்கள் நெளிந்தன. "ஏரியைத் திட்டிண்டிருந்தேன், எமன் என் ஆத்துலேயே இருந்திருக்கான்" என்றார் மாமி. புட்டிகளைக் கவிழ்த்துச் செடிகளை மண்ணில் நட்டார்.

இனப்பெயரையும் அறிய அவர் விழைந்தார். அங்கேதான் படம் நின்றுவிடுகிறது. படம் என்பது பார்சலின் மேலொட்டிய சீட்டு. ஜங்ஷன் வரை கொண்டு சேர்க்கும், வீட்டு வாசல் வரை சேர்க்காது. உலகில் பதினாயிரம் இனம்வரை இருக்கலாம் என மதிப்பிடப்படும் குடும்பம் இது. ஆண்பூச்சியின் வால்நுனி உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் காணாமல் இனம் சொல்வது அரிது. கீஃபர் என்னும் பாதிரியார் 1910-ல் இந்திய மியூசியத்தின் வெளியீட்டில் இந்நாட்டு இனங்களை விவரித்து எழுதினார். பின்னாளில் பர்துவான் பல்கலைக்கழகத்தார் அப்பணியை வெகுவாக வளர்த்தனர். ஹவுராவிலிருந்து கார்டு லைனில் சுமார் 95 கிலோமீட்டர்தான் அவ்வூர்.

ஆகவே நமது குறிப்பேட்டில் இரண்டு படங்களுக்கு மட்டும் "கைரோனோமஸ் அல்லது அதன் நெருங்கிய உறவு" என்று எழுதினோம். ஏனைய எட்டுக்கும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டோம். மாமிக்கு அது போதவில்லை. பேரக்குழந்தைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லும்போது இப்பொழுது அளவுகோலும் எடுத்துச் செல்கிறார்.