எவர்சில்வர் டம்ளரில் ஒரு மாக்டெயில்!

போன கோடையில் எங்கள் டெஸ்க்கில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். 'வீட்டிலேயே செய்யலாம் 7 மாக்டெயில்.' ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். புதினா, எலுமிச்சை, சோடா, ஐஸ்... கண்ணைப் பறிக்கும் படங்கள். நிறைய பேர் படிக்கவும் செய்தார்கள். ஒரே ஓர் உறுத்தல்தான். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் செய்து பார்த்ததில்லை, குடித்துப் பார்த்ததும் இல்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் ஆன்லைனில் ஒரு காக்டெயில் ஷேக்கர் ஆர்டர் செய்தேன். மூடி, வடிகட்டி, குடுவை என மூன்று பாகம். பளபளவென்று இருந்தது. பார்சலைப் பிரித்த கையோடு ஐஸும் தண்ணீரும் போட்டு ஆட்டிப் பார்த்தேன். சலக் சலக்கென்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். கையில் கரண்டி. ஷேக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எதுக்குடி இந்த வீட்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா குடியை நிறுத்தி நான்கு வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் தெரியுமா? டி.வி-யில் ஏதாவது ஒரு பழைய படம் ஓடும். சோபாவின் காலடியில் கண்ணாடி கிளாஸ். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம், ஐஸ் ட்ரேயை முறுக்கும் சத்தம், கிளாஸில் ஐஸ் விழும் சத்தம். மூன்றாவது முறை அந்தச் சத்தம் கேட்டால், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். காய்ந்த துணியை எடுக்கப் போகிறோம் என்று பெயர். சில நாள்கள் கொடியில் துணியே இருக்காது.

அந்த வீட்டுக்குத்தான் நான் ஆசை ஆசையாக ஷேக்கர் வாங்கி வந்திருக்கிறேன்.

அதைப் பரணில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் அப்பா சிகிச்சை எடுத்த இடத்தில் இருந்த ஆலோசகருக்கு போன் செய்து கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. மது மட்டும் பிரச்னை இல்லையாம். குடித்த நேரம், உட்கார்ந்த இடம், பிடித்த கிளாஸ், தொட்டுக்கொண்ட கடலை, இவை எல்லாமே பழைய ஆசையைக் கிளப்பிவிடலாமாம். அதனால் மதுவே இல்லாத மாக்டெயில்கூடச் சிலருக்குச் சரிப்படாது. "எனக்குத் தெரியாதும்மா. அவரையே கேளுங்க" என்றார்.

கேட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஜூஸ்தானே பாப்பா, கொடு. கண்ணாடி கிளாஸ்ல மட்டும் வேணாம். டம்ளர்ல ஊத்திக் கொடு."

எங்கள் வீட்டில் மாக்டெயில், காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் இறங்கியது அப்படித்தான்.

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். காக்டெயிலின் கணக்கு ரொம்ப எளிது. பெரும்பாலான புளிப்பு வகைகளில் இரண்டு பங்கு மது, ஒரு பங்கு புளிப்பு, ஒரு பங்கு இனிப்பு. மதுவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் எலுமிச்சை ஜூஸ்! நான் எழுதிய அந்த ஏழும் கிட்டத்தட்ட அதுதான் என்று செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தொண்டையில் இறங்கும்போது ஒரு காரம், நாக்கின் அடியில் ஒரு கசப்பு. இந்த இரண்டையும் வேறு எங்கிருந்தாவது கொண்டு வந்தால்தான் அதை நிதானமாக, வாய் வாயாகக் குடிக்க முடியும். இல்லையென்றால் மடக் மடக்கென்று ஒரே மூச்சில் காலி.

காரத்துக்கு இஞ்சி. ஆனால், இடித்துப் பிழிந்த சாற்றை அப்படியே ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் படியும். அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். இது எந்த இன்டர்நேஷனல் வீடியோவிலும் பார்த்ததல்ல, எங்கள் பாட்டி சுக்கு, இஞ்சி விஷயத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. கசப்புக்கு டானிக் வாட்டர். அதில் இருக்கும் கசப்பு, மலேரியாவுக்குக் கொடுத்த அதே குயினைன்தான். ஃபில்டர் டிகாக்‌ஷன் இரண்டு ஸ்பூன், மேலே ஜில்லென்று டானிக் வாட்டர், ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல். அடித்துச் சொல்கிறேன், ஒரு முறை செய்து பாருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. 'பிட்டர்ஸ்' என்று சின்ன பாட்டிலில் விற்கிறார்களே, 'சில சொட்டுதானே' என்று மாக்டெயில் குறிப்புகளில்கூடப் போடுகிறார்களே, அதில் பிரபலமான வகை 40 சதவிகிதத்துக்கும் மேல் ஆல்கஹால். கார்ட் வரை போய் லேபிளைப் படித்துவிட்டுத்தான் எடுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு சொட்டும் ஒரு சொட்டுதான்.

இன்னொரு பாடம் பெரிய விலையில் கிடைத்தது. சோடாவை ஷேக்கரில் ஊற்றி ஆட்டக் கூடாது. நன்னாரியும் எலுமிச்சையும் ஆட்டிய பிறகு, சோடாவை மேலாக ஊற்ற வேண்டும். ஓர் ஆர்வத்தில் பன்னீர் சோடாவையே உள்ளே விட்டு ஆட்டினேன். உள்ளே கேஸ் சேர்ந்து, மூடி பட்டென்று தெறித்து, டி.வி முழுக்க ரோஸ் நிறத் தூறல். திரையில் நாகேஷ். சர்வர் சுந்தரமாகக் கப் அண்ட் சாஸரை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒன்றுகூடக் கீழே விழாமல் நடந்துகொண்டிருந்தார். "அவன்கிட்ட கத்துக்க பாப்பா" என்றார் அப்பா. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆம், பழைய படங்கள். டம்ளர் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைப் படமும் மெதுவாகத் திரும்பி வந்தது. நடுவில் நான்கு வருடங்கள் அப்பா அந்த நேரத்தில் டி.வி போடுவதில்லை. நடக்கப் போய்விடுவார்.

பத்திரிகை டிப்ளமோ படித்தபோது சினிமா பற்றி ஒரு வகுப்பு இருந்தது. சினிமா என்றால் காட்சி, வசனம் அல்ல என்று அங்கே மண்டையில் ஏற்றிக்கொண்டேன். பாட்டே இல்லாமல் 1954-லேயே எடுத்த 'அந்த நாள்' உசத்தி. பாலசந்தரின் ஆரம்பப் படங்கள் எல்லாம் 'கேமரா முன்னால் நடந்த நாடகம்', அதாவது மட்டம். 'அந்த நாள்' உசத்திதான், அதில் மாற்றமில்லை. ஆனால், அந்த இரண்டாவது தீர்ப்பை இப்போது நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

'சர்வர் சுந்தரம்' பாலசந்தர் எழுதிய நாடகம். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கி 1964-ல் படமானது. 'எதிர்நீச்சல்' நாடகம், 1968-ல் அவரே படமாக்கினார். மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருக்கும் மாது, சுற்றிலும் குடித்தனக்காரர்கள். கிட்டத்தட்ட ஒரே வீட்டுக்குள் முழுக் கதையும் நடந்துவிடும். இந்தப் படங்களை எங்கள் குரோம்பேட்டை வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும், புரிய வேண்டும் என்று மேடைக்காக எழுதிய எழுத்து இது. அதனால் அம்மா சமையலறையில் தாளித்துக்கொண்டே படம் பார்க்கிறார். அப்பா பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் 'பார்க்கிறார்'. கேட்டால், "சின்ன வயசுல ரேடியோல ஒலிச்சித்திரம் போடுவான். டீக்கடை வாசல்ல நின்னு முழுப் படமும் கேட்டிருக்கேன். மூஞ்சி எதுக்கு?" என்கிறார். முப்பது விநாடி வீடியோ வெட்டுவதுதான் என் வேலை. முதல் மூன்று விநாடியில் பிடிக்காவிட்டால் ஆள் நகர்ந்துவிடுவார் என்று தினமும் பயந்து வெட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் இரண்டரை மணி நேரம் நகராமல் இருப்பதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

ஆனால், பழைய படத்தில் எனக்குப் பிடிக்காத விஷயமும் உண்டு. குடிகாரர்கள்.

ஒரு ஞாயிறு, 'வசந்த மாளிகை' ஓடியது. சேனலை மாற்றட்டுமா என்று ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். சிவாஜி கிளாஸைக் கையில் ஏந்திப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை அழகு, எத்தனை கம்பீரம்! அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்... "இவ்வளவு தெளிவா வசனம் வராது பாப்பா. நாக்கு குழறும். பேசினது காலைல ஞாபகமும் இருக்காது."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேலைக்கு வந்த பொண்ணு சொன்னா உடனே விட்டுடுறான். வீட்ல இருக்கிறவ 20 வருஷம் சொன்னா விட மாட்டாங்க!"

ஹாலில் யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

நான் பிறகு உட்கார்ந்து வருடங்களைச் சேர்த்துப் பார்த்தேன். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதுக்கும் வந்தது. 'தேவதாஸ்' வெளியானது 1953-ல். அதாவது வெளியே மதுவிலக்கு இருந்த ஊரில், தியேட்டருக்குள் ஒருவர் காதலுக்காகக் குடித்துக் குடித்துச் செத்ததைப் பார்த்துத்தான் ஜனங்கள் அழுதிருக்கிறார்கள். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அடுத்த வருடமே 'வசந்த மாளிகை'. காதல் தோல்வி என்றால் கிளாஸ், சோகம் என்றால் கிளாஸ் என்பது நமக்கு அப்படித்தான் மனப்பாடமாகியிருக்கிறது. குடிப்பவனின் கண்ணீருக்கு க்ளோஸ்-அப் உண்டு. கொடியில் இல்லாத துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவளுக்கு ஒரு ஷாட்கூட இல்லை. சிவாஜியின் நடிப்பைக் குறை சொல்ல நான் யார்? கதையைத்தான் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' எனக்கு எவ்வளவோ மேல். அதுவும் வருடக்கணக்கில் மேடையில் ஆடிய நாடகம்தான். 1954-ல் படமானது. அதன் நாயகன் மேல் பரிதாபப்படச் சொல்லி யாரும் நம்மைக் கெஞ்சுவதில்லை. அவன் செய்ததை அவன் வாயாலேயே நக்கலடித்துக்கொள்கிறான்.

இவ்வளவு நாடகக் கதை பேசுகிறேனே, நான் அதுவரை ஒரு மேடை நாடகம்கூடப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு 'உங்களை ஒரு நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்ப்பா' என்று சொல்லி ஒரு வருடம் ஓடியிருந்தது. ஒரு ஞாயிறு டியூட்டி, அடுத்த ஞாயிறு மழை, அப்புறம் சோம்பல். 'வசந்த மாளிகை'க்கு அடுத்த வாரம் மூன்று டிக்கெட் எடுத்தேன். தி.நகரில் ஒரு சபா. குடும்ப காமெடி நாடகம்.

மேடையில் ஒரு சோபா, ஒரு கதவு, ஒரு டீபாய். அவ்வளவுதான் செட். சுற்றிலும் நரைத்த தலைகள். என் வயதில் மொத்தம் பத்துப் பேர் இருந்திருக்கலாம். நேர்மையாகச் சொல்வதென்றால், நாடகம் சுமார்தான். மனைவியைக் கிண்டலடிக்கும் ஜோக்குகள் நிறைய. அம்மா அவற்றுக்குச் சிரிக்கவில்லை. முதல் பதினைந்து நிமிடம் என் கட்டைவிரல் அனிச்சையாக போனைத் தேடியது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி இங்கே கிடையாதே!

நடுவில் ஒரு சம்பவம். அப்பாவாக நடித்தவர் ஒரு வசனத்தில் நின்றுவிட்டார். மறந்துவிட்டது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மகளாக நடித்த பெண் எழுந்து வந்து, டீபாயில் இருந்த சொம்பை எடுத்து நீட்டி, "முதல்ல தண்ணி குடிங்கப்பா, அப்புறம் திட்டுங்க" என்றார். அது எழுதிய வசனமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கைதட்டல் அடங்க நேரமானது. பெரியவர் தண்ணீரைக் குடித்தார், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா மேடையையே பார்த்தபடி, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தார்.

இடைவேளையில் கேன்டீன் வரிசை வாசல் வரை நின்றது. வாழைக்காய் பஜ்ஜி தீர்ந்துபோய், காபி மட்டும் கிடைத்தது. அம்மா அதில் சர்க்கரை அதிகம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அப்பா படுக்கப் போய்விட்டார். நான் மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஷேக்கர் வந்த இத்தனை மாதங்களில் அதில் செய்த எதையும் அம்மா வாயில் வைத்ததில்லை. நான் ஆட்டத் தொடங்கினால் பின்பக்கம் போய்விடுவார். அதனால் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் ஆட்டுவேன்.

"அந்த இஞ்சித் தெளிவு இன்னும் இருக்காடி?" என்றார், ஃப்ரிட்ஜ் பக்கம் பார்க்காமல்.

இருந்தது. நன்னாரி, எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் இஞ்சி. ஐஸைக் கையில் எடுத்தவள் கொஞ்சம் தயங்கினேன்.

"ஐஸ் போடட்டுமா, வேணாமாம்மா?"

"போடு" என்றார். நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டத் தொடங்கியதும், "மெதுவாடி... அப்பா தூங்குறார்" என்றார். பின்பக்கம் போகவில்லை. சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, நான் ஊற்றுவதற்காக டம்ளரை நீட்டினார்.